சுத்தப் பிரதி

ஆம்பூரில் சாந்தகுமார் டைப் அடித்த காகிதத்தை, ஒரே ஒரு தடவை தவிர, எந்த பேங்க்கும் திருப்பி அனுப்பியதில்லை. இதை அவரே சொல்லிக்கொள்ள மாட்டார், அவ்வளவு அடக்கம். ஆனால் பிறர் சொல்லும்போது நடையை மெதுவாக்கிக் கேட்டுவிட்டுப் போவார்.

நசீர் அகமதின் தோல் தொழிற்சாலையில் அவர் ஏற்றுமதிப் பிரிவு டைப்பிஸ்ட். ஏற்றுமதிக் காகிதம் பொல்லாதது, அதைப் பார்த்துத்தான் பேங்க் பணம் கொடுக்கும். பெட்டிகளின் எண்ணிக்கை ஒரு தாளில் ஒன்றாகவும் இன்னொரு தாளில் வேறாகவும் இருந்தால் போச்சு. அடித்துத் திருத்தியிருந்தால் போச்சு. 1969இல் ஒரு தடவை, சரிபார்க்கும்போது யாரோ பென்சிலால் போட்ட கேள்விக்குறி ஒன்று அழிபடாமல் தாளின் ஓரத்தில் தங்கிவிட்டது. பேங்க்காரன் கட்டு முழுவதையும் திருப்பி அனுப்பிவிட்டான். சரக்கு அக்கரைத் துறைமுகத்தில் பதினோரு நாள் அநாதையாகக் கிடந்தது. அந்தப் பதினோரு நாளும் சாந்தகுமாருக்குச் சோறு இறங்கவில்லை. அன்று பிடித்தது அந்தப் பழக்கம். காகிதம் வெளியே போகும்போது அதற்கு எந்தச் சந்தேகமும் இருக்கக் கூடாது. சந்தேகமெல்லாம் முதலில் அவசரமாக அடிக்கிற நகலோடு சரி. சுத்தப் பிரதி தயாரானதும் நகலைக் கிழித்துக் கூடையில் போட்டுவிட வேண்டும்.

நல்ல பழக்கம்தான். தோலுக்கு நல்ல பழக்கம்.

ஜெயபுஷ்பம் அந்த ஆபீசுக்கு வந்தது 1975இல். ரயில்வே லைனை ஒட்டிய தெருவில் குடியிருந்த கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண். பதினேழு வயதில் ஒரு சாமியார் அவளையும் இன்னும் ஆறு பெண்களையும் கன்னியாஸ்திரியாக ஆக்குவதாகச் சொல்லி ஸ்பெயினுக்குக் கப்பல் ஏற்றிவிட்டார். அங்கே மடத்தில் அவளுக்குக் கிடைத்த வேலை கோழிப் பண்ணை. ஜெபம் லத்தீனில், சாப்பாடு மௌனத்தில், பேச்சு கோழிகளோடு என்று பத்து வருஷம் போயிற்று. துறவறத்துக்கான கடைசி வார்த்தைப்பாடு கொடுப்பதற்குள் அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்று தந்தி வந்தது. வந்தாள், அம்மாவை அடக்கம் செய்தாள், திரும்பிப் போகவில்லை.

மடத்துக்குப் போன பெண் திரும்பி வந்தால் ஊர் சும்மா இருக்குமா? இன்னா தப்பு பண்ணாளோ என்றார்கள் சிலர். கோழிப் பீ அள்ளத்தான் கூட்டிக்கொண்டு போனார்களாம், இவளுக்கு ஒரு பாஷையும் தெரியாது, கொக்கரக்கோ மட்டும்தான் தெரியும் என்றார்கள் சிலர். கோவிலில் அவளுக்குப் பக்கத்தில் உட்காரக்கூட யோசித்தார்கள். அப்படிப்பட்ட நேரத்தில்தான் நசீர் அகமதுக்கு ஸ்பெயினிலிருந்து ஷூ கம்பெனிக்காரர்கள் கடிதம் எழுத ஆரம்பித்தார்கள். ஜெயபுஷ்பம் அவற்றைப் படித்துத் தமிழில் சொல்ல, சாந்தகுமார் ஆங்கிலத்தில் அடிப்பார். வேலை தற்காலிகம்தான். அவளுடைய ஸ்பானிஷ் நிஜமான ஸ்பானிஷ்தானா என்று நசீர் அகமதுக்கே உள்ளூர ஒரு கேள்வி இருந்தது.

அந்தக் கேள்விக்குப் பதில் கோழி வழியாக வந்தது. தோல் வாங்குகிறவர்களில் ரமோன் என்று ஒருவர், கோழிப் பித்துப் பிடித்தவர். தோல் பார்க்க ஆம்பூர் வந்தபோது பஞ்சில் பொதிந்து நாற்பத்தெட்டு அடைமுட்டைகளைக் கைப்பெட்டியிலேயே கொண்டுவந்துவிட்டார். நசீர் அகமதின் விதவைத் தங்கை பில்கிஸ் அவற்றை நாட்டுக்கோழிகளுக்கு அடைவைத்தாள். எல்லாமாகச் சேர்ந்து பத்தொன்பது தேறின. உடம்பெல்லாம் கறுப்பு, காதோரம் வெள்ளை, தலையில் செக்கச்செவேலென்ற கொண்டை. பிள்ளை இல்லாத பில்கிஸ் அவற்றுக்கு ஒவ்வொன்றாகப் பெயர் வைத்தாள். இந்த ஜாதியைப் பெருக்கித் தெருவில் வீட்டுக்கு ஒரு ஜோடி கொடுக்கப் போவதாக இருபது பெண்களிடம் வாக்குக் கொடுத்துவிட்டாள். ஜெயபுஷ்பத்தைக் கூப்பிட்டு அனுப்பினால் சாயந்திரம் முழுக்கக் கோழிக்கூண்டுப் பக்கமே இருவரும் உட்கார்ந்திருப்பார்கள். ஜெயபுஷ்பம் அவளை ஆபா என்று கூப்பிட்டாள். அக்கா என்று அர்த்தம். அந்த ஊரில் அவள் உரிமையோடு கூப்பிட்ட ஒரே உறவு அதுதான்.

1976 ஆகஸ்டில் ரமோன் ஒரு புத்தகம் அனுப்பினார். அந்தக் கோழியை எப்படித் தேர்ந்தெடுத்துப் பெருக்குவது என்று அறுபது பக்கம், முழுக்க ஸ்பானிஷில். கால்நடை டாக்டர் காசிநாதன், “எனக்கு இங்கிலீஷ்ல குடுங்க, படிச்சிட்டு இன்னா செய்யணும்னு சொல்றேன்” என்றார். நசீர் அகமது இருவரையும் கூப்பிட்டார்.

“ஜெயபுஷ்பம், இத நல்லா முடிச்சுக் குடு. முடிச்சிட்டீன்னா ஃபாரின் கரஸ்பாண்டென்ஸ் பூரா உன் பேர்ல போட்டு வேலைய நிரந்தரம் பண்ணிடறேன். சாந்தகுமார், நீ கூட இருந்து அடிச்சுக் குடு.”

அவள் முகத்தை அப்போது சாந்தகுமார் பார்த்தார். நிரந்தரம் என்ற வார்த்தை அவளை எங்கே போய்த் தொட்டது என்று அவருக்கும் விளங்கியது. சம்பளத்தை அல்ல. கொக்கரக்கோ என்று சிரித்த வாய்களுக்கு ஒரு பதில் கிடைக்கப்போகிறது என்ற சந்தோஷம் அது.

பத்து நாள், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரம். கீழே ஊறல் தொட்டிகளிலிருந்து பட்டையும் தோலும் கலந்த வாடை ஜன்னல் வழியாக ஏறி வரும். பழகிப்போன மூக்குகள், யாரும் கண்டுகொள்வதில்லை. ஜெயபுஷ்பம் புத்தகத்தை மடியில் விரித்துக்கொண்டு சொல்வாள்.

“சார், இங்க ‘குளுவேக்கா’ன்னு போட்டிருக்கு. முட்டையே வெக்காம, கூட்டுல ஒரே எடத்துல உக்காந்துக்கினு, கிட்ட போனா உர்ருன்னு கொத்த வரும் பாருங்க, அந்த மாதிரி கோழி.”

“அடைகோழிம்மா.”

“தமிழ்ல அதுக்குப் பேரு இருக்குதா!” என்று அவள் சிரித்தாள். “எங்க வீட்ல கோழி வளத்ததில்ல சார். எனக்குக் கோழின்னா அந்த ஊர்ல பாத்ததுதான்.”

இப்படி அவளுக்குக் கோழி ஸ்பானிஷில் மட்டும் தெரிந்தது. சாந்தகுமாருக்கு ஆங்கிலம் தோலில் மட்டும் தெரிந்தது. நடுவில் தமிழ் பாலமாக நின்றது. கோழி நுழைந்ததும் கதவு தானாக விழுந்து, எந்த முட்டை எந்தக் கோழியுடையது என்று காட்டிக்கொடுக்கும் பெட்டியை அவள் தன் டிபன் பாக்ஸ் மூடியை ஆட்டிக் காட்டிப் புரியவைத்தாள். முட்டையை விளக்குக்கு எதிரே பிடித்துக் கரு பிடித்திருக்கிறதா என்று பார்ப்பதை, அவருடைய மைப்புட்டியை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து நடித்தாள். அவர் அகராதியைப் புரட்டிப் பார்த்து, கிடைக்காதபோது தன் தொழிலிலிருந்து எடுத்துப் போட்டார். நல்ல கோழி ‘ஃபர்ஸ்ட் செலக்ஷன்’ ஆயிற்று. கழிக்க வேண்டியது ‘ரிஜெக்ஷன்’ ஆயிற்று. இறகின் மினுமினுப்பு ‘ஃபினிஷ்’ ஆயிற்று. இரண்டு பக்கத்தை வாங்கிப் பார்த்த நசீர் அகமது, “அரே, இது நம்ம பாஷையாச்சே! இப்பதான் புரியுது” என்று சந்தோஷப்பட்டார்.

உண்மையைச் சொன்னால் அந்தப் பத்து நாளும் சாந்தகுமாருக்கு மிகவும் பிடித்திருந்தன. வேலூரில் ஆசிரியையாக இருந்த பெண்ணைக் கட்டி இரண்டு பிள்ளைகள் பெற்றவர் அவர், ஞாயிறு தவறாமல் லுத்தரன் கோவிலுக்குப் போகிறவர். தப்பாக ஒன்றும் இல்லை. பெட்டி எண்ணிக்கையும் சதுர அடியும் அடித்து அடித்து மரத்துப்போன கைக்கு, ஒரு மணி நேரம் உயிருள்ள சமாசாரம் கிடைத்தது. அவ்வளவுதான்.

ஒன்பதாம் நாள் அவள் ஓரிடத்தில் நின்றுவிட்டாள். அதற்கு முன்பே இரண்டு இடத்தில் நின்றிருந்தாள். கோழிக்கு நறுக்கிப் போடச் சொன்ன ஒரு கீரையின் பெயரும், கோழி உட்காரும் கட்டைக்கு ஏற்றது என்று சொன்ன ஒரு மரத்தின் பெயரும் அவளுக்குத் தெரியாமல், ஊகத்தில் ஏதோ சொல்லிவைத்திருந்தாள். இது மூன்றாவது.

“ ‘முட்டைய அடைக்கு எடுக்கறதுக்கு முன்ன ஒவ்வொரு கோழியோட ரத்தத்தையும் பாக்கணும்’னு இருக்குது சார். அப்புறம், ‘இப்படி ஆவறதையெல்லாம் எடுத்துடணும்’னு இருக்குது. அந்த ‘இப்படி ஆவற’ன்றதுதான் எனக்குத் தெரியல. டாக்டருங்க வார்த்தை மாதிரி இருக்கு. மடத்துல நாங்க ரத்தமெல்லாம் பாத்ததில்ல. கொண்டை வெளுத்திருந்தா சிஸ்டர் எடுத்துடச் சொல்வாங்க. அதனால ரத்தம் கம்மியானதுன்னு இருக்கலாம். இருக்கலாம்தான் சார், நிச்சயமில்ல. மூணு எடத்துலயும் கேள்விக்குறி போட்டுடுங்க. டாக்டர் பாத்துட்டுக் கேப்பாரு.”

அந்த ஊகத்தை அவர் அடித்து முடித்ததும், மேஜையிலிருந்த பென்சிலை எடுத்து நகல் தாளில் அவளே போட்டாள். அந்த வரிக்கு முன்னால் தலைகீழாக ஒன்று, முடிவில் நேராக ஒன்று. மற்ற இரண்டு இடத்திலும் அப்படியே.

“எதுக்கும்மா தலைகீழா ஒண்ணு?”

“அங்க அப்படித்தான் சார். சந்தேகம்னா ஆரம்பிக்கும்போதே சொல்லிடுவாங்க.”

சுத்தப் பிரதியை சாந்தகுமார் தனியாக உட்கார்ந்து இரண்டு நாளில் அடித்தார். நல்ல பாண்ட் காகிதம், இரண்டு கார்பன். கீரையின் இடம் வந்தபோது விரல் ஒரு கணம் நின்றது. வெளியே போகிற காகிதத்தில் கேள்விக்குறியா? முதலாளி கையெழுத்துப் போட்டு டாக்டருக்கு அனுப்பப்போகிற காகிதத்தில்? ஆபீசுக்கு ஒரு மரியாதை இல்லையா? அவள் ஊகம்தான் நியாயமாக இருக்கிறதே. விரல் நகர்ந்துவிட்டது. மரம் வந்தபோது நிற்கக்கூட இல்லை. ரத்தம் வந்தபோது, ஒவ்வொரு கோழியின் ரத்தத்தையும் சோதிக்கவும், ரத்தம் குறைந்தவற்றைக் கழிக்கவும் என்று இரண்டு சின்ன வாக்கியம் அழகாக விழுந்தது. ஒரு பிசிறு இல்லை.

நகலை மட்டும் ஏனோ அவர் கிழிக்கவில்லை. அந்தப் பத்து நாளும் அதில் இருந்தன என்பது தவிர வேறு காரணம் இல்லை. மடித்து, ரிப்பன் டப்பாக்களுக்கு அடியில் டிராயரில் வைத்தார்.

டாக்டர் காசிநாதன் படித்துப் பாராட்டினார். பில்கிஸ் வீட்டுக்கு வந்து பதினைந்து பெட்டைகளையும் பிடித்துக் கொண்டையைப் பார்த்தார், கண் இமையை விலக்கிப் பார்த்தார். “எல்லாம் நல்ல ரத்தம்மா. ஒண்ணுகூட கழிக்க வேணாம்” என்றார். அந்த மூன்று இடத்தையும் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லையே என்று ஜெயபுஷ்பம் நினைத்துக்கொண்டாள். படித்தவர், அவருக்குப் புரிந்திருக்கும் என்று சமாதானமும் சொல்லிக்கொண்டாள். சுத்தப் பிரதியை அவளிடம் யாரும் காட்டவில்லை. காட்டச் சொல்லிக் கேட்கிற இடத்திலும் அவள் இல்லை.

1977 ஜனவரியில், மண்ணெண்ணெயில் ஓடுகிற பொரிப்பு மெஷினில் நூற்றிருபது முட்டை வைத்தார்கள். தொண்ணூற்று நான்கு பொரிந்தன. பில்கிஸ் வீட்டு முற்றம் முழுக்க கறுப்பும் மஞ்சளுமாக உருண்டது. இருபது பெண்களும் வந்து பார்த்து, இது எனக்கு, அது உனக்கு என்று பேச்சளவில் பிரித்துவிட்டுப் போனார்கள். அன்று சாயந்திரம் பில்கிஸ் தன் கையால் ஷீர் குர்மா என்ற பால் பாயசம் செய்து ஜெயபுஷ்பத்துக்குக் கொடுத்தாள். “நீ மட்டும் இல்லன்னா இது ஏது புஷ்பம்?” என்றாள்.

நான்காம் நாள் ஒரு குஞ்சு ஒதுங்கி நின்றது. பின்பக்கம் சுண்ணாம்பு அப்பினாற்போல் வெள்ளையாகக் கழிந்து ஒட்டியிருந்தது. மறுநாள் பதினொன்று. அதற்கு மறுநாள் எண்ண முடியவில்லை. பில்கிஸ் ஒவ்வொன்றையும் உள்ளங்கையில் வைத்து வெந்நீரில் துடைத்துவிட்டாள். துடைக்கும்போதே சில கண்ணை மூடின. ஜெயபுஷ்பம் ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு வந்து கூடவே உட்கார்ந்தாள். பத்தாம் நாள் ஒன்பது மிஞ்சின. அவையும் நிற்க முடியாமல் சரிந்து சரிந்து விழுந்தன.

இரண்டு நாள் கழித்து நசீர் அகமதின் அறையில் எல்லோரும் கூடினார்கள். பில்கிஸ் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு மூலை நாற்காலியில் இருந்தாள். டாக்டர் காசிநாதன் நல்ல மனிதர், பழியைத் தட்டிவிட வந்தவர் இல்லை. அவருடைய முகமும் வாடித்தான் இருந்தது.

“இது குஞ்சுக்கு வர்ற வெள்ளைக் கழிச்சல் சாப், பெரிய கோழிக்கு வர்ற அது இல்ல. தாய்க்கோழி உள்ளாறயே இருக்கும். தாய் பாக்க ஜோரா இருக்கும், கொண்டை செவப்பாத்தான் இருக்கும், முட்டை வழியா குஞ்சுக்கு வந்துடும். நேத்து வேலூர்ல ஸ்பானிஷ் தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட மூலப் புத்தகத்தக் காட்டினேன். அங்க தெளிவாவே போட்டிருக்கான். ஒரு சொட்டு ரத்தத்த மருந்தோட கலந்து பாக்கணும், எதோட ரத்தம் தயிர் மாதிரி திரியுதோ அத எடுத்துடணும்னு. நம்ம காகிதத்துல ரத்தம் கம்மியானதுன்னு இருந்துச்சு. நானும் நம்பிட்டேன். ஒரு சின்ன சந்தேகக்குறி அங்க இருந்திருந்தா, இது இன்னான்னு நான் கேட்டிருப்பேன்.”

ஜெயபுஷ்பம் நிமிர்ந்தாள்.

“நான் தெரியலன்னுதான் சொன்னேன் சார். மூணு எடத்துல கேள்விக்குறி போட்டுக் குடுத்தேன். சாந்தகுமார் சாருக்குத் தெரியும்.”

அறை முழுவதும் சாந்தகுமார் பக்கம் திரும்பியது. மேஜைமேல் சுத்தப் பிரதி விரிந்து கிடந்தது. பிசிறில்லாத, அழிப்பில்லாத, சந்தேகமில்லாத காகிதம். அடுத்த மாதம் தலைமை குமாஸ்தா ஓய்வு பெறுகிறார். அந்த இடம் யாருக்கு என்று எல்லோருக்கும் தெரியும். ‘ஆமாம் சாப், நான்தான் எடுத்துட்டேன்.’ அவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. அவர் வாய் திறந்தது.

“எனக்கு ஞாபகம் இல்லீங்க சாப்.”

“நகல் எங்க?”

“ஃபேர் காப்பி ஆனதும் கிழிச்சிடுவோமே சாப். எப்பவும் அப்படித்தானே.”

அதை அவர் சொன்ன விதத்தில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பத்து வருஷத்து நல்ல பெயர் பின்னால் நின்று சாட்சி சொன்னது. ஜெயபுஷ்பம் அவரையே பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தாங்கியிருப்பார். தெருவில் தெரிந்தவர் என்று கூப்பிட்டு, திரும்பிய முகம் வேறு யாருடையதாகவோ இருந்தால் ஒருத்தி எப்படிப் பார்ப்பாளோ அப்படிப் பார்த்தாள்.

பில்கிஸ் எழுந்தாள். “தெரியலன்னா தெரியலன்னு சொல்லியிருக்கலாமே புஷ்பம். நான் இன்னா உன்ன அடிச்சிடுவனா? இப்ப சாந்தகுமார் மேல ஏன் போடற?” என்று மட்டும் சொன்னாள். குரலை உயர்த்தக்கூட இல்லை.

நசீர் அகமது யாரையும் வேலையை விட்டு நீக்கவில்லை. ஆனால் ஸ்பெயின் கடிதங்கள் அதற்குப் பிறகு மெட்ராஸில் ஒரு ஏஜென்ட்டுக்குப் போக ஆரம்பித்தன. ஒரு வார்த்தை தப்பினால் ஒரு கப்பல் சரக்கு போய்விடும் என்றார் அவர், அதுவும் நியாயம்தானே. மூன்று மாதம் வேலையில்லாத மேஜையில் உட்கார்ந்துவிட்டு ஜெயபுஷ்பம் ஒரு நாள் வரவில்லை. ஆற்காட்டில் ஏதோ பெண்கள் ஹாஸ்டலில் சமையல் மேற்பார்வைக்குப் போய்ட்டாளாம் என்று செய்தி வந்தது. ஊர் மறுபடி சிரித்தது. கொக்கரக்கோதான் தெரியும்னு அப்பவே சொன்னோமே என்றது.

சாந்தகுமார் தலைமை குமாஸ்தா ஆனார். அறை மாறினார், டிராயர் மாறியது, அந்த நகலும் கூடவே மாறியது. கிழித்துவிடலாம் என்று எத்தனையோ தடவை எடுத்தார். தலைகீழாக நின்ற அந்தக் கேள்விக்குறிகளைப் பார்த்ததும் மடித்து வைத்துவிடுவார். வருஷத்துக்கு ஒரு முறையாவது, இந்தக் கிறிஸ்துமஸுக்குள் முதலாளியிடம் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பார். கிறிஸ்துமஸ் வரும், கேக் வரும், போகும். கோவிலில் எல்லோரும் சேர்ந்து பாவ அறிக்கை சொல்லும்போது அவரும் சொல்வார். கூட்டத்தோடு சொல்வது சுலபம், யாருடைய பாவம் எது என்று அங்கே யாரும் கேட்பதில்லை.

1986இல் பில்கிஸ் இறந்துபோனாள். மஞ்சள் காமாலை, பதினைந்தே நாள். அதற்கு முந்தைய வருஷமே நசீர் அகமது தொழிலைப் பிள்ளைகளிடம் விட்டுவிட்டு ஒதுங்கியிருந்தார். அடக்கம் முடிந்து திரும்புகிற வழியில் சாந்தகுமாருக்குத் தோன்றியது, இப்போது ஜெயபுஷ்பத்தைப் போய்ப் பார்க்கலாம் என்று. ஏன் இப்போது? அவருக்கே விடை தெரிந்திருந்தது. இனிமேல் உண்மையைச் சொன்னால் தனக்கு ஒன்றும் ஆகாது என்று ஆன பிறகுதான் அவருக்குத் தைரியம் வந்தது. அந்த எண்ணம் வந்ததும் நடுத்தெருவில் கூசிப்போய் நின்றார்.

மறுவாரம் ஒரு சனிக்கிழமை காலை ஆற்காட்டுக்கு பஸ் ஏறினார். வெறுங்கையோடு எப்படிப் போவது என்று பஸ் ஸ்டாண்டில் கால் கிலோ மக்கன் பேடா வாங்கிக்கொண்டார். ஹாஸ்டல் வராந்தாவில் ஒரு பெஞ்சில் உட்காரவைத்தார்கள். ஜெயபுஷ்பம் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். நாற்பத்தொரு வயதுக்குத் தலை அதிகமாகவே நரைத்திருந்தது.

“சாந்தகுமார் சாரா? உக்காருங்க சார். வீட்ல எல்லாம் சௌக்கியமா?”

“பில்கிஸம்மா தவறிட்டாங்க.”

“கேள்விப்பட்டேன்” என்று பெஞ்சின் மறு ஓரத்தில் உட்கார்ந்தாள். “நல்லவங்க சார். என்ன மன்னிச்சிட்டாங்க.”

“எதுக்கு மன்னிக்கணும்?”

“உங்களுக்குத் தெரியாதில்ல. உங்ககிட்டயும் ஒரு நாள் வந்து மன்னிப்பு கேக்கணும்னுதான் சார் இருந்தேன். வெக்கமா இருந்துச்சு.” சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னாள். “அன்னிக்கு எல்லார் முன்னாடியும் உங்க மேல பழி போட்டேனே. அப்புறம் யோசிச்சு யோசிச்சுப் பாத்தேன். நீங்க எதையும் விடறவரு இல்ல. உங்க காகிதம் ஒண்ணுகூட திரும்பி வந்ததில்ல. அப்ப தப்பு என்கிட்டதான் இருக்கணும். கேள்விக்குறி போடணும்னு நெனைச்சிருப்பேன், போட்டிருக்க மாட்டேன். போட்டேன்னு மனசு பொய் சொல்லியிருக்கு. வேலை போய்டுமேன்ற பயத்துல நானே அத நம்பிட்டேன். பாவசங்கீர்த்தனத்துல சொன்னேன் சார், ஒரு நல்ல மனுஷன் மேல பொய் சொன்னேன்னு. ஃபாதர் அபராதம் குடுத்தாரு. அப்புறம் ஆபாகிட்டயும் போய் கால்ல விழுந்து சொன்னேன். ‘ஒத்துக்கினியே, அது போதும்’னு தூக்கிவிட்டாங்க.”

சாந்தகுமார் ஒன்பது வருஷமாக, அவள் தன்னைச் சபித்துக்கொண்டிருப்பாள் என்று நினைத்திருந்தார். அந்தச் சாபத்தை வாங்கிக்கொள்ளத்தான் வந்திருந்தார். இப்படி ஒன்று இருக்கும் என்று அவருக்கு எட்டவே இல்லை.

“அதுக்கப்புறம் ஸ்பானிஷ் ஒரு வார்த்தை பேசினதில்ல சார். மடத்துலேர்ந்து லெட்டர் வரும், பிரிக்கறதில்ல. எனக்குத் தெரிஞ்சதுன்னு எத நெனைச்சாலும் நிஜமாத் தெரியுமான்னு ஒரு பயம் வந்துடுது.”

அவர் பையிலிருந்து உறையை எடுத்தார். எடுத்த வேகத்தில் பேடாப் பொட்டலம் கீழே விழுந்தது. அதை யாரும் எடுக்கவில்லை. நகலில் அந்த ஒரு பக்கம் மட்டும்தான், நான்காக மடித்த மட்டக் காகிதம். பிரித்து அவளிடம் நீட்டினார்.

“நான் கிழிக்கலம்மா. அன்னிக்கும் இது டிராயர்லதான் இருந்துச்சு. எனக்கு ஞாபகமும் இருந்துச்சு.”

ஜெயபுஷ்பம் வாங்கிப் பார்த்தாள். பழுத்துப்போன தாளில் பென்சில் கோடு கொஞ்சம் மங்கியிருந்தது, அழியவில்லை. தலைகீழாக ஒன்று, நேராக ஒன்று. அவள் விரல் அந்தத் தலைகீழ்க் குறியின் மேல் போய் நின்றது. வேறு யாரும் ஆம்பூரில் அப்படிப் போட்டிருக்க முடியாது.

“இது நான் போட்டது” என்றாள்.

“ஆமாம்மா.”

“அப்ப நான் பொய் சொல்லல.”

“இல்லம்மா. நான்தான். என்ன மன்னிச்சிடு...”

அவள் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. உள்ளே பாத்திரம் விழுகிற சத்தம் கேட்டது, ஒரு பெண் “அக்கா, சோறு குழையுது” என்று கூப்பிட்டாள். அவள் எழுந்திருக்கவில்லை.

“ஆபா போய்ட்டாங்களே சார்” என்றாள். “பொய்காரின்னு நெனைச்சுக்கினே போய்ட்டாங்களே. நானே போய் சொல்லிட்டு வந்தேனே.” அப்போதுதான் அழுதாள். சத்தமில்லாமல், தாளில் படாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள்.

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு தாளை அவரிடமே கொடுத்தாள்.

“படிங்க சார். எனக்குக் கேக்கணும்.”

சாந்தகுமார் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். அந்தக் காலத்தில் அவசரமாக அடித்த ஆங்கிலத்தை அவளுக்காகத் தமிழில் சொன்னார். ஒவ்வொரு கோழியின் ரத்தத்தையும் பார்க்க வேண்டும். ரத்தம் குறைந்தவற்றைக் கழித்துவிட வேண்டும். அதோடு நிறுத்தினார்.

“அப்புறம் இன்னா போட்டிருக்கு?”

“அவ்வளவுதாம்மா.”

“இல்ல சார். அதையும் படிங்க.”

பதினெட்டு வருஷத்துக் கடிதங்களை ஒரு திக்கல் இல்லாமல் முதலாளிக்குப் படித்துக் காட்டிய குரல் இப்போது ஒரே ஒரு சொல்லில் இடறியது.

“கேள்விக்குறி” என்றார்.

ஜெயபுஷ்பம் கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டினாள்.

“இன்னொரு தடவை படிங்க சார்” என்றாள்.

அவர் முதலிலிருந்து படித்தார்.